சீக்கில்லாதவர்கள் உட்கார்ந்த பெஞ்சு

என் தங்கை மகன் போன வருடம் எம்.பி.பி.எஸ். முடித்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று. வெறும் எம்.பி.பி.எஸ்ஸை இப்போது யாரும் ஒரு படிப்பாக மதிப்பதில்லை. அவனும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டு பகலில் மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கிறான். நான் பத்தாவதோடு நின்றவள். இந்த விஷயங்களில் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர் வந்தபோது அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னபோதும் யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த டாக்டர் என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. அவரைப் படிக்க வைத்தவர் பெரிய மாமா. அவர் பல்லடத்தில் தறி போட்டிருந்தார். சின்ன மாமா கல்லூரிப் படிப்பை முடித்து, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் என்ற பெயரில் ஒரு வருடம் இரவும் பகலும் ஓடினார். அது முடிந்ததும், தான் ஆபரேஷன் செய்கிற டாக்டராக வேண்டும், அதற்கு இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும், அந்தப் படிப்பில் சேர ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று வீட்டில் சொன்னார். தேர்வை எழுதவும் செய்தார். இடம் கிடைக்கவில்லை. பெரிய மாமாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. தறி வாங்கினால் அது ஓட வேண்டும். வாங்கியதை நிறுத்திவைத்துவிட்டு இன்னொன்று வாங்கப் போவது அவருக்குப் பிடிபடாத தொழில். டாக்டருக்குப் படித்தாயிற்று, இனி மேலே என்னத்தைப் படிப்பது என்பார்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து போர்டு மாட்டினார்கள். நடுவில் பலகை அடைத்து, வெளியே நோயாளிகளுக்கு நீளமாக ஒரு பெஞ்சும், உள்ளே மேஜையும், இடையில் பச்சைத் திரையும் வைத்தார்கள். கூட்டம் வரவில்லை. எதிர் வரிசையில் வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். என்ன சீக்கென்று போனாலும் ஊசி போடுவார். சின்ன மாமா சளிக்கு வெந்நீரும் ஓய்வும் சொல்லி அனுப்பினார். ஊசி போடாதவர் என்ன டாக்டர் என்று, வந்த சிலரும் அடுத்த முறை ரோட்டைத் தாண்டிப் போனார்கள்.

இதற்கு வழி கண்டவர் பெரிய அத்தை, பெரிய மாமாவின் மனைவி. ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் வரும் என்பது அவருடைய எண்ணம். பல்லடத்துச் சொந்தங்களைத் துடியலூரில் யாருக்கும் தெரியாது. அவர்கள் முறை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தைக்கு இருமல் பொறுப்பு. ஒரு சித்தப்பா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டுவார். அடுத்த நாள் வேறு காலில் சுற்றியிருப்பார். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி இருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என் கழுத்தில் மப்ளரைச் சுற்றி அங்கே கூட்டிக்கொண்டு போவார். இயல்பாகவே நான் வாய் திறக்காத பிள்ளை. காய்ச்சல்காரி வேஷம் எனக்குப் பொருந்திப் போனது.

உள்ளே போனவர்கள் உடனே வெளியே வந்தால் வைத்தியத்துக்கு மரியாதை இல்லை என்று அத்தை சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொருவரும் உள்ளே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். என்னிடம் பேச்சு வராது என்பதால் சின்ன மாமா மேஜைக்கு அடியிலிருந்து தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்தார். முழுக்கக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு விடை. அவர் கேள்வியைப் படித்துவிட்டு பி, டி என்று எழுத்தைச் சொல்வார். கடைசிப் பக்கங்களில் இருக்கிற எழுத்தோடு ஒத்துப் பார்த்து நான் தலையாட்ட வேண்டும். எழுத்துகள் மட்டும்தான் எனக்குத் தெரியும். பெஞ்சு நிறைந்திருக்கிற நாளில் எங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது. அவர் தப்பாகச் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. வயிற்றை அறுப்பது பற்றிய பகுதியில் என் தலை மேலும் கீழும் மட்டும்தான் ஆடியது. அந்தப் பெருமையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

இதற்கிடையில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பம்ப் செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஒரே பெண். மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் தியேட்டரோடு ஆஸ்பத்திரியே கட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் எல்லா வைத்தியமும் பார்ப்பானா என்று தரகர் கேட்டதற்கு, டாக்டர் என்றால் எல்லாமும்தானே என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும். சின்ன மாமாவிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இது முடிந்தால் அந்த மூன்று வருடப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சின்ன மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரம் அவர் கேள்விகளை வேகமாகப் படித்தார்.

பெண்ணின் அப்பா சொல்லாமல் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதைத் தரகர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டார். அன்று சந்தை நாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்கள். பல்லடத்திலிருந்து ஒரு கூட்டமே வந்து இறங்கி, பெஞ்சு போதாமல் படியிலும் உட்கார்ந்தது. யாரும் யாரோடும் பேசக்கூடாது, வரிசை கலையக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. பதினோரு மணிக்கு மேல் அம்பாசிடரில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. பெஞ்சு ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்து, வரிசையைத் திருப்தியாகப் பார்த்தார்.

அப்போதுதான் உண்மையான நோயாளி ஒருவர் வந்தார். கோட்டைமேட்டிலிருந்து சந்தைக்குத் துணி விற்க வருகிற பாய். எதிர் டாக்டர் அன்று ஊரில் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்து, ரொம்ப நேரமாகுமா என்று கேட்டார். அத்தை இருமலுக்கு நடுவே, "நாங்களே வெடியக்காலைல இருந்து உக்காந்திருக்கறமுங்க" என்றார். பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து இடம் விடலாம்தான். வரிசை கலையக்கூடாதே. கொஞ்ச நேரத்தில் அவர் சாக்கடை ஓரம் போய் வாந்தியெடுத்தார். சத்தம் கேட்டுச் சின்ன மாமா வெளியே வந்து, யாரையும் கேட்காமல் அவரைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்.

திரை பாதி திறந்திருந்தது. மாமா வயிற்றின் வலது பக்கம் அடியில் அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். பாய் கத்தினார். அப்பெண்டிஸ், தாமதிக்காமல் அறுத்து எடுக்க வேண்டும் என்றார் மாமா. சரக்கெல்லாம் சந்தையில் விரித்தபடி கிடக்கிறது, சாயங்காலம் வரை தாங்குகிற மாதிரி ஒரு ஊசி போட்டு விடச் சொன்னார் பாய்.

"ஊசி போட்டா வலி தெரியாதுங்க பாய். உள்ள ஒடஞ்சு போனாலும் தெரியாது. அதனாலதான் போடலீங்க."

பெண்ணின் அப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. மாப்பிள்ளையின் வேலையை நேரிலேயே பார்க்கக் கிடைத்ததே.

"அப்ப நீங்களே அறுத்துப் போடுங்க தம்பி. என்ன சாமான் வேணுமோ சொல்லுங்க, வண்டி அனுப்பறேன்."

சின்ன மாமா அவரைப் பார்த்தார். யாரென்று தெரிந்துதான் இருந்தது.

"எனக்கு அறுக்கத் தெரியாதுங்க" என்றார். "பெரிய டாக்டருங்க அறுக்கறப்ப பக்கத்துல நின்னு வயித்த விரிச்சு வெக்கற கொக்கியப் புடிச்சிருக்கறேன். அவ்வளவுதான். நானே செய்யறதுன்னா இன்னும் மூணு வருசம் படிக்கோணுமுங்க."

அத்தையின் இருமல் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. அத்தனை கேள்விக்கும் என் கண்முன்னால் சரியாகச் சொன்னவர், தெரியாது என்கிறாரே. எழுந்து நின்றேன். மப்ளர் அவிழ்ந்து விழுந்தது.

"மாமா பொய் சொல்றாருங்க. மாமாவுக்கு வயித்த அறுக்கறது எல்லாமே தெரியுமுங்க. தெனமும் நாந்தானுங்க பாக்கறேன்."

பெண்ணின் அப்பா திரும்பினார். "மாமாவா?" என்றார். பிறகு பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அம்மணி, இதுல வேற ஆரெல்லாம் உங்க சொந்தம்?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். நான் கையை நீட்டிக் காட்டத் தொடங்கினேன். அத்தையில் ஆரம்பித்துப் படியில் இருந்தவர்கள் வரைக்கும் போனது. சித்தப்பா காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா கோபப்பட்டிருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர், "அது கெடக்கட்டும், மொதல்ல இவரக் கொண்டுக்கிட்டுப் போலாம்" என்று பாயைத் தன் காரிலேயே ஏற்றினார். சின்ன மாமாவும் கூடப் போனார். பாய்க்கு அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டுவந்தார். பெஞ்சு விஷயத்தைப் பெண்ணின் அப்பா ஒரு குற்றமாகவே எடுக்கவில்லையாம். பட்டறை தொடங்கிய புதிதில் ஆர்டர் இல்லாமலே லேத்தை ஓடவிட்டு அக்கம்பக்கத்துக்குச் சத்தம் காட்டியவர்தான் அவரும். பையனும் நல்ல பையன்தான். ஆனால் இன்னும் மூன்று வருடப் படிப்பு, அதற்குப் பிறகு கை பழக எத்தனை வருடமோ, அதுவரைக்கும் பெண் காத்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தார். பெண்ணை ஒரு மில்காரர் வீட்டில் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சம்பந்தம் என் வாயால் கெட்டது என்றே பல வருடம் பேசினார்கள். நான் இன்னும் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

சின்ன மாமா அடுத்த முறை தேர்வில் தேறி மதுரைக்குப் படிக்கப் போனார். அந்த மூன்று வருடமும் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை, பெரிய மாமாவிடம் தறி ஓட்டியவர்களின் கூலியைவிடக் குறைவு. பெரிய மாமா அதை எல்லாரிடமும் சொல்லிக் காட்டுவார். படிப்பு முடிந்தும் ரொம்ப காலம் வேறு டாக்டர்களுக்குக் கீழேதான் வேலை. தன் பேரில் தனியாக ஆபரேஷன் செய்கிற இடத்துக்கு அவர் வந்தபோது தலையில் நரை விழுந்திருந்தது.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் அந்தச் சந்தை நாளின் சாயங்காலம்தான் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பழகிய இடம் என்பதால் பாயின் ஆபரேஷனின்போது அவரை உள்ளே நிற்க விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமா கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடி, பெரிய டாக்டர் எவ்வளவு சின்னதாகக் கிழித்தார், ஒரு விரலை விட்டு எப்படித் தேடி எடுத்தார் என்று தட்டுக்கு மேலே இடது கையால் காற்றில் செய்து காட்டினார். யாரும் பார்க்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணும் ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போன அன்று ஒருவருக்கு எப்படி இவ்வளவு பசிக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. நாங்கள் அழக்கூடாது என்பதற்காக நடிக்கிறார் என்று நினைத்து, அவருக்காக நான் அழுதேன்.