செவ்வாய்க்கிழமை வந்த கட்டில்

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து என் கணவர் வீடு திரும்பிய செவ்வாய்க்கிழமை அது. தரையில் படுக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதால், முதன்முறையாக ஒரு கட்டில் வாங்கியிருந்தோம். கடை வண்டி மூன்றரை மணிக்கு வந்தது. ராகு காலம்.

"நாலரைக்கு மேல இறக்குங்கண்ணே" என்றேன்.

"அடுத்து ஒத்தக்கடைக்குப் போகணும்க்கா. வாசல்ல இறக்கி வச்சிட்டுப் போறோம், நேரம் பாத்து உள்ள எடுத்துக்கங்க" என்றார் டிரைவர், பொறுமையாக.

அதற்கும் எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலையில் வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அன்று பாயில் படுத்தவர், விடிந்ததும் தானாக எழ முயன்று விழுந்துவிட்டார். அவரை ஆட்டோவில் ஏற்றும்போது, சொன்னபடி கட்டில் வந்து நின்றது.

இப்போது வாசலுக்கு எது வந்தாலும் காலண்டர் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன். நல்ல நேரத்தில் உள்ளே வந்த அந்தக் கட்டிலில்தான் அவர் ஏழு வருடமாகப் படுத்திருக்கிறார்.