அரை இடம்

ராஜபாளையத்தில் கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகு நான் வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள், ஒரு பாட்டாவது தெரிய வேண்டும் என்றாள் அம்மா. வகுப்புக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை.

"வீட்டுலதான் பாட்டுத் தெரிஞ்சவ இருக்காள்ல" என்றார். அண்ணன் மனைவியைச் சொன்னார். மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் முறையாகப் படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.

தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு உட்காருவோம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீசு, தட்டி வீசு. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை என்பது சீக்கிரம் புரிந்துவிட்டது. ஆனால் மதினி சொல்லிக்கொடுத்த பாட்டை, தட்டு விழுந்து அரை இடம், அதாவது அரை எண்ணிக்கை, கழித்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கோ தட்டு விழுந்ததுமே வாய் திறந்துவிடும். அதன்பின் தறியின் வேகத்துக்குக் கையும் ஓடும்.

"ஏட்டி, எங்க ஓடுத? கதவு சாத்தித்தான இருக்கு" என்றாள் மதினி. "செத்த பொறு. சும்மா இருக்க எடமும் தாளத்துலதான் சேத்தி. அத முழுங்குனா பாட்டு நொண்டும்."

பெண் பார்க்க வந்த அன்று, பொறுத்து, சரியான இடத்தில் எடுத்தேன். மாப்பிள்ளையின் அத்தை கூடவே கையால் தாளம் தட்டினாள். பாதியில், "வெரசா முடி தாயி, ராகுகாலம் வந்துரும்" என்று தட்டலை வேகமாக்கினாள். அப்பா என்னை முறைத்தார். ஆனாலும் சேலை மடிப்புக்குள் விரல்கள் அதே நடையில் எண்ணிக்கொண்டிருந்தன. அத்தையின் கை எங்கேயோ போய், தானாக நின்றது. கடைசி வரி வரை பாடி முடித்தேன்.

இரண்டொரு நாளில் தரகர் வந்து, "பொண்ணு சொன்ன பேச்சு கேக்காது போலன்னு அவிய நெனைக்காக" என்றார்.

"என்னத்தச் சொல்லிக் குடுத்த நீ?" என்று அப்பா மதினியைத்தான் சத்தம் போட்டார். அப்பா வெளியே போன பிறகு நான் அடுப்படியில் அழுதேன்.

"அழாத. அன்னைக்கு ஒரு எடத்துலயும் நீ ஓடல" என்றாள் மதினி.

பாட்டு அதோடு நின்றது. அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா முந்திக்கொண்டார்: "பிள்ளைக்குப் பாட்டெல்லாம் வராது."

அந்த வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டேன்.