நான்காவது ஆள்: கீரிப்பாறையிலிருந்து ஸ்கேனுக்குப் போன ஜீப்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக அருவி, அணை, எந்த பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும் என்றுதான் எழுதுவேன். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. ஆனாலும் இதே காரணத்துக்காக இதே வழியில் போகவேண்டிய யாராவது தேடும்போது கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன். அனிதா முழுக்கப் படித்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன்.

அனிதாவும் நானும் கோட்டாற்றில் ஒரே ஜவுளிக்கடையில் நான்கு வருஷம் சேலை மடித்தவர்கள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்யும் சுரேஷ் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் மலையேறிவிட்டாள். இது முதல் பிள்ளை. ஆறாம் மாத ஸ்கேனில், குழந்தையின் நெஞ்சிலும் வயிற்றிலும் தோலுக்கடியிலும் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்கள். ஹைட்ராப்ஸ் என்று பெயர். குழந்தைக்கு ரத்தம் குறைந்ததால் வந்திருக்கலாம், அப்படியானால் வயிற்றுக்குள் இருக்கும்போதே ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம், தாமதிக்காமல் திருவனந்தபுரம் போங்கள் என்றார் டாக்டர். சுரேஷ் அண்ணன் போனில், "நசீமா, நீ கூட வருவியா? எனக்கு அங்க போயி பேசத் தெரியாது" என்றார். மறுநாளே கிளம்பினேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம்.

வடசேரியில் பிற்பகல் 2.40க்கு பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் கீரிப்பாறை. அன்று சாயங்காலம் அனிதாவின் வீட்டில் நான் பேசாத விஷயமே இல்லை, பிள்ளையைத் தவிர. பழைய கடை முதலாளியின் வழுக்கை வரை பேசினேன். அவளுடைய மாமியார் குட்டிச் சட்டைகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி பரணில் போட்டிருந்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள். பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் ஆறுதல் என்று எல்லோருமே நினைத்தோம். படுக்கப் போகுமுன் அனிதா மட்டும் என் காதில் சொன்னாள். "மத்தியானத்துக்குப் பொறவு அனக்கமே இல்லேட்டி." அனக்கம் என்றால் பிள்ளையின் அசைவு. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள் என்றார்கள்.

காலை 5.30க்கு ஜீப் வந்தது. டிரைவருக்கு அறுபது வயதிருக்கும், நெற்றியில் வெள்ளை நாமம். "அய்யா உண்டு" என்று சுரேஷ் அண்ணனுக்கு வணக்கம் சொன்னார். குலசேகரத்துக்காரர், எங்களில் யாரையும் அதற்கு முன் பார்த்ததில்லை. அனிதா தலையோடு கம்பளி போர்த்திப் பின் சீட்டின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள், நான் மறு ஓரத்தில். நடுவில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. முன்னால் சுரேஷ் அண்ணன், மடியில் ஸ்கேன் ஃபைல். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"நாலு பேரும் ஏறியாச்சா?"

நாங்கள் மூன்று பேர்தான். தன்னையும் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஏறியாச்சு" என்றாள் அனிதா.

முதல் பத்து கிலோமீட்டர் ரப்பர் மரங்களுக்கு நடுவே. விடியாத அந்த நேரத்தில் சாலை இருபக்கமும் ஒரே மாதிரி மரங்கள். மழையானதால் பால்வெட்டுக்கு யாரும் வரவில்லை. மரத்துக்கு மரம் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைநீர் நிரம்பி, முந்தின நாள் பாலோடு கலந்து வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. சுரேஷ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வளைவில் ஜீப் சாயும்போதெல்லாம் டிரைவர் ஒரு கையைப் பின்னால் நீட்டி, அந்தக் காலி இடத்துக்கு அணை கொடுப்பதுபோல் வைத்துக்கொண்டார். கீழே விழாமல் யாரையோ பிடிப்பது மாதிரி இருந்தது.

6.40க்கு குலசேகரம். டிரைவர் டீ வேண்டாமென்று வண்டியிலேயே இருந்துவிட்டார். நான் மூன்று டீ சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். ஸ்கேனுக்கு முன் அனிதா டீ குடிக்கலாமா என்று முந்தின இரவே போனில் கேட்டிருந்தோம். திரும்பி வந்தபோது மேஜையில் நான்கு தம்ளர். நான்காவது சின்னது, அதில் வெறும் பால். கடைக்காரரைப் பார்த்தேன், அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். பால் ஆடை கட்டும்வரை அங்கேயே இருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. நான் நாலுக்கும் காசு கொடுத்தேன்.

7.10க்கு திருவட்டாறு. வாந்தி மாத்திரை வாங்க சுரேஷ் அண்ணன் இறங்கினார், கூட நானும். நாங்கள் திரும்பும்போது ஜீப் ஜன்னலோரம் ஒரு பூக்கார அம்மா நின்றிருந்தார். எனக்கும் அனிதாவுக்கும் ஒவ்வொரு முழம் பிச்சிப்பூ அளந்தார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, எங்கள் நடுவிலிருந்த காலி சீட்டில் வைத்தார். "இது கொச்சுக்கு" என்றார். கொச்சு என்றால் குழந்தை.

உள்ளதைச் சொல்கிறேன்: வயிற்றுக்குள் இருக்கவேண்டியது நேற்று மத்தியானமே வெளியே வந்துவிட்டதோ, இவர்கள் கண்ணுக்கெல்லாம் தெரிந்து எங்களோடு உட்கார்ந்து வருகிறதோ என்று தோன்றியது. அதன்பிறகு மார்த்தாண்டம், களியக்காவிளை எல்லாம் எப்படிக் கடந்தோம் என்றே நினைவில்லை. அந்தக் காலி இடத்தின் பக்கம் என் முழங்கால் படாமல் ஒடுங்கியே உட்கார்ந்திருந்தேன்.

8.50க்கு ஆஸ்பத்திரி. ஜீப் மீட்டரில் 81 கிலோமீட்டர். ஸ்கேன் அறைக்குள் ஒருவர்தான் போகலாம், சுரேஷ் அண்ணன் போனார். நான் வெளியே ஓதிக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "துடிக்கு நசீமா, துடிக்கு" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மெல்லிய ஊசி வழியாகத் தொப்புள்கொடியில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் மூன்று மணிக்கு அனுப்பினார்கள். நீர் இன்னும் இருக்கிறது, இரண்டு வாரத்தில் திரும்ப வாருங்கள், உறுதி எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ஜீப் வரக் காத்திருந்தபோது அனிதாவிடம் கேட்டுவிட்டேன். அந்தப் பால், அந்தப் பூ.

"நாந்தான் சொன்னேன்" என்றாள். "நீ முகம் கழுவப் போனப்போ கடைக்காரர்ட்ட பிள்ளைக்கு ஒரு பால்னு கேட்டேன். பூக்காரம்மாட்டயும் நாந்தான். ஸ்கேன் எடுத்ததுலயிருந்து ஒருத்தரும் எனக்க பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த பேசலேட்டி. சட்டையெல்லாம் சாக்குல கெட்டியாச்சு. நீயும் வந்து முதலாளிக்க வழுக்கையப் பத்திப் பேசுத. உயிரோட இருக்க பிள்ளைய நீங்க எல்லாருமா கணக்குல இருந்து எடுத்துப்போட்டிய. நானாவது சேத்துக்கிடாண்டாமா?"

எனக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அது நினைவுக்கு வந்தது. "அப்போ ஜீப்காரர்ட்ட?"

"அவர்ட்ட நான் ஒண்ணும் சொல்லல்ல. அத்தானும் சொல்லலேன்னுதான் சொல்லுதாவ. அவரு கேட்டதுக்குப் பொறவுதான் எனக்கே அந்த யோசன வந்தது."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜீப் போகவர, ஒரு நாள் காத்திருப்பும் சேர்த்து 5,500 ரூபாய் ஆனது. பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, மழை படாத கவரில் வையுங்கள். தாயின் ரத்த வகைச் சீட்டை மறக்கவேண்டாம். அனக்கம் குறைந்தால் காலைவரை பொறுக்காதீர்கள். போனில் யார் காலையில் வரச் சொல்லியிருந்தாலும் நாங்கள் பொறுத்தது தப்பு என்று டாக்டர் திட்டினார். துணைக்குப் போகிறவர்களே, பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். என்ன பேர் யோசித்திருக்கிறாய், இன்றைக்கு உதைத்தானா என்று கேளுங்கள். அழுவார்கள், அழட்டும்.

இடையில் இங்கே எடுத்த ஸ்கேனில் நீர் கூடவில்லை, குறையவும் இல்லை. சாக்கைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். வருகிற வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம். நேற்று ஜீப்புக்குச் சொல்ல டிரைவர் அண்ணனுக்கு போன் செய்தேன். கீரிப்பாறை, காலை ஐந்தரை என்றேன். எத்தனை பேர் என்று நான் சொல்வதற்குள் அவரே கேட்டார்.

"நாலு பேருதானே மக்களே?"

"ஆமா அண்ணே" என்றேன். "நாலு பேருதான்."