கயிற்றோடு மேலே போன பொருத்தனை

எங்கள் மகள் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கான பரீட்சையில் இரண்டு தரம் தோற்றாள். அடுத்த தரம் எழுதப் போனபோது, ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபடியே பொருத்தனை பண்ணிவிட்டேன்: "ஆண்டவரே, இவ பாஸானா, அவ இருக்கிற ஊர்க் கோயில் மணியை என் கையாலே அடிக்கிறேன்."

பாஸானாள். எங்களை வரவழைத்தாள். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாள்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பதான் சொல்றியாப்பா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ராத்திரிதான் ஃப்ளைட். காலைல கேட்டுப் பாக்கலாம். கோயில்காரங்க வேணாம்னுட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

பொருத்தனையைத் தீர்க்காமல் எப்படி விமானம் ஏறுவேன்?

கோயில், அதாவது அந்த ஊர் சர்ச், எண்ணூறு வருஷத்துக்கு மேல் பழசாம். சுவர் கனத்துக்கு நம் வேலூர்க் கோட்டைதான். மரக்கூரை படகைக் கவிழ்த்த மாதிரி. வாசல் வளைவு அரைவட்டம், ஜன்னல்கள் உச்சியில் கூர்ப்பு. "வட்டம் முதல்ல கட்டினதுப்பா, கூர்ப்பு அப்புறம் வந்தவங்க கட்டினது. மணிக்கோபுரம் அதுக்கும் அப்புறம்," என்றாள் மகள். நானும் வீட்டுக்காரியும் பழக்கத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றியிருந்தோம். கல்தரை ஐஸ்!

கோபுரத்தடியில் மணி அடிக்கும் வெள்ளைக்காரம்மா மகள் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்து, கம்பளி சுற்றிய கயிற்றை என் கையில் கொடுத்தார். ஏதோ சொன்னார். மகள் தமிழில் சொல்வதற்குள் இழுத்துவிட்டேன். நம் ஊரில் இழுத்தபின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம். அங்கே மணி முழு வட்டமாகச் சுற்றுகிறது. கயிறு விருட்டென்று மேலே போனது. நானும் போனேன்.

"விடுப்பா! கயித்த விடு!"

விட்டேன். சாக்ஸோடு பொத்தென்று தரையில்.

"இன்னாங்க, ஆண்டவர் உங்கள உசுரோடயே எடுத்துக்கப் பாத்தாரா?" என்றாள் வீட்டுக்காரி. "ரிட்டன் டிக்கெட் வேஸ்ட்டாய்டும்னு விட்டுட்டாரு போல."

"மணி அடிச்சுதில்ல?"

"நீங்க எங்க அடிச்சீங்க? அதுதான் உங்கள அடிச்சுது."

நியாயம்தான். என் கையாலே என்றல்லவா சொன்னேன்? வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றின் வால் நுனியைத் தானே பிடித்துக்கொண்டார். மகள் கத்தினாள்: "இழு... இப்ப விடு!" விட்டேன். டாங்! கோபுரமே அதிர்ந்தது, என் வழுக்கையில் தூசி கொட்டியது. "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்காரி முந்தானையை இடுப்பில் செருகினாள். "பரீட்சைக்கு உபவாசம் இருந்தவ நானு. தள்ளுங்க."

முதல் தரமே கயிற்றைச் சரியாய் விட்டாள்.