விழத் தெரிந்த அத்தை

என் அத்தைக்கு வேலை கிடைத்ததே அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான். நேர்காணலில் ஒரே கேள்வி: வீடியோ கேம் விளையாடியிருக்கிறாரா? இல்லை என்றார். உடனே சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியை முடித்துவிட்டு, தெரிந்ததையெல்லாம் விண்ணப்பங்களில் எழுதிப் போட்டுக் காத்திருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

அந்த அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு விளையாடப் பழக்குகிறார்கள். பழகிய விளையாட்டில் அது புலி. முன்பின் பார்க்காத விளையாட்டைக் கொடுத்தால் திருதிருவென விழிக்கும். அதனால், ஒன்றும் தெரியாத மனிதர் ஒரு புது விளையாட்டில் எப்படித் தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடிக்கிறார், பள்ளத்தில் விழுந்த பிறகு எதை மாற்றிச் செய்கிறார் என்று பதிவுசெய்து அதற்கு ஊட்டினார்கள்.

அத்தைக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அவருக்கு நாற்காலிதான் முக்கியம். அதற்கு முன் துணிக்கடையில் இருந்தார். அங்கே விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. துணியை விரித்துக் காட்டியும் மடித்து வைத்தும் முழங்கால்கள் வீங்கியதுதான் மிச்சம். இங்கோ சுழல் நாற்காலி, ஏசி. முதல் நாள் வீடு திரும்பியவர், "நாள் முழுக்க உக்காந்தே இருந்தேன்டா" என்று ஏதோ திருட்டுத்தனம் செய்தவர் போல மெதுவாகச் சொன்னார்.

ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. யாருக்காவது ஆட்டம் கைவந்துவிட்டால் அவர் இனித் தெரியாதவர் இல்லை, வேலை போய்விடும். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். அப்பாவி மனுஷர், ஆர்வத்தில் எல்லா விளையாட்டையும் ஜெயித்துத் தொலைத்தார். கைதட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், வழியனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அத்தை விழத் தொடங்கினார். எந்தப் புது விளையாட்டானாலும் சாவியைக் கண்டுபிடிப்பார், மிருகங்களுக்குத் தப்புவார், கடைசிக் கதவு வரை போவார். அங்கிருந்து திரும்பி வந்து பள்ளத்தில் குதிப்பார். இத்தனை மாதமாகியும் எதுவுமே கற்றுக்கொள்ளாத ஊழியர் கிடைத்ததில் மேலாளருக்குப் பரம திருப்தி. சிறந்த ஊழியர் என்று அத்தையின் படத்தைச் சுவரில் மாட்டினார்.

வீட்டில் மாமாவுக்கு இது தீராத வேடிக்கை. "இன்னிக்கு எத்தனை தடவை செத்த?"

"நல்லாவே செத்தேன். சாப்பிட வாங்க."

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் சோதிக்க வந்தார்கள். யாருமே பார்த்திராத விளையாட்டு ஒன்றை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். சுவர்த் திரையில் அது சாவியை எடுத்தது, மிருகங்களை ஏய்த்தது, கதவருகே போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது சாவகாசமாகத் திரும்பி நடந்து வந்து பள்ளத்தில் குதித்தது. மறுபடி ஆடவிட்டார்கள். மறுபடியும் குதித்தது.

இதை யாரிடம் கற்றது என்று கேட்டார்கள். அத்தையை அழைத்து வந்து, அதே விளையாட்டை எல்லோர் முன்பும் ஆடச் சொன்னார்கள். கதவு வரை வந்ததும் அத்தையின் விரல்கள் நின்றன. ஜெயித்தால் கைதேர்ந்தவர். விழுந்தால் இயந்திரத்தைக் கெடுத்தவர். எப்படிப் பார்த்தாலும் நாற்காலி போனது என்று நினைத்தாராம்.

அப்போது மேலாளர், திரையைச் சரிசெய்பவர் போலக் குனிந்தார். அத்தை ஜெயித்துவிட்டால் மாதக்கணக்கான பதிவுகள் அத்தனையும் நடிப்பு என்று ஆகிவிடும். மேலாளருக்கும் ஒரு நாற்காலி இருந்தது, அத்தையுடையதைவிடப் பெரியது.

"விழுந்துடுங்க மேடம்" என்றார், உதடு அசையாமல்.

அத்தை விழுந்தார்.

பெரியவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். கடைசியில், வெற்றிக்கு அருகில் வந்ததும் மனிதர்களுக்கு இயல்பாக வரும் தயக்கத்தை இயந்திரம் கூட நுட்பமாகக் கற்றுவிட்டது என்று சொல்லி ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தை ஆராய ஒரு தனிக் குழுவே அமைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவர் நம் மேலாளர்.

அத்தைக்கு இன்னும் நன்றாக விழ வேண்டிய பொறுப்பு. இதுதான் சமயம் என்று நாற்காலிக்கு ஒரு மெத்தை கேட்டார். மறுநாளே வந்துவிட்டது.