வாடி மணல்

கோழி அடைப்பை அன்றைக்குப்போல் நான் ஒருநாளும் அவசரமாகச் சுத்தம் செய்ததில்லை. பக்கத்து வீட்டு சுபைதா ராத்தாவின் மகளைப் பார்க்கப் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தார்கள். காலையிலேயே ராத்தா வேலிக்கு மேலால் சத்தம் போட்டார்: "புள்ள, உன்ட கோழி நாத்தத்துல வாறவங்க வாசலோட திரும்பிடுவாங்க!"

மழையில் ஊறிய எச்சத்தைச் சுரண்டி அள்ளினேன். எங்கள் ஊரில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியின் கூரைக்கடியில் காய்ந்த வெள்ளை மணல் கிடந்தது. அதைச் சாக்கில் கொண்டுவந்து பரப்பினேன். நாற்றம் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கோழிகள் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே நின்றன. சில கால் பின்னித் தள்ளாடின. எங்கள் வீட்டில் உலை ஏறுவது அவற்றின் முட்டையால்தான். "அல்லாஹ்வே!" என்று கத்திவிட்டேன்.

பட்டுச் சாரியோடு ராத்தா ஓடிவந்தார். சாக்கில் மிஞ்சிய மணலை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு! மீன் காயப்போட்ட மணலையா போட்ட? கொத்தித் தின்டிருக்குதுகள். வெளியே விடு. நல்ல தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா வை."

தானே மண்வெட்டியை எடுத்தார். ராத்தா வீட்டு வாசலில் வேன் சத்தம் கேட்டது.

"ராத்தா, அவங்க வந்துட்டாங்க!"

"வந்தவங்க இருப்பாங்க. கோழி இருக்குமா? அள்ளு புள்ள!"

ஒரு கோழி செத்தது. மற்றவை பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்குள் நிமிர்ந்தன. ராத்தா மணலும் எச்சமும் அப்பிய சாரியோடுதான் விருந்தாளிகளை வரவேற்றார்.

இப்போதெல்லாம் புது மணலை நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் போடுவதில்லை. அப்போது உப்புக்கு முன்னால் அந்தச் சாரிதான் நினைவில் வருகிறது.