பழைய மெயிலில் இருந்த வீடியோ

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் என் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்ததுமே அந்த மனிதர் கவுண்டர் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தார். தடித்த கழுத்து, ஒரு வாரத் தாடி. பேசுமுன் விரல்களை நெட்டி முறிக்கும் பழக்கம். ரத்தம் சொட்டச் சொட்ட அப்போதும் முறித்தார்.

“என் வீடியோவ இன்னாடா பண்ண? டிரைவ் காலியா கீது!”

முந்தைய மாதம் குழாயடிச் சண்டையில் அவர் தம்பி மண்டை பிளந்து செத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் கொலைக் கேஸில் ஜெயிலில் இருந்தார். எதிர்வீட்டுக்காரர் திட்டுவதைப் பதிவு செய்ய அன்று இவர் தன் போனைச் சுவர்மேல் வைத்திருந்தார். பிறகு ஆத்திரத்தில் அந்தப் போனை இவரே உடைத்துவிட்டார். புதுப் போனுக்குப் புது மெயில் போட்டுக் கொடுத்தவன் நான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் செய்வது.

“போன்ல எடுத்ததெல்லாம் தானா மெயில் டிரைவ்ல ஏறிடும். பழைய மெயில்லதாண்ணா இருக்கும். பாஸ்வேர்டு இன்னா?”

“எங்கப்பாவோட மைன்ஸ் டோக்கன் நம்பரு.”

திறந்தது. வீடியோ இருந்தது. இருவரும் பார்த்தோம். தம்பி சண்டையை விலக்கக் குறுக்கே பாய்கிறார். தம்பி தலையில் இறங்கிய கடப்பாரை அண்ணனான இவர் கையில் இருந்தது.

பயத்தில் நான் அதை அழிக்கப் போனேன். அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

“அழிச்சே, கொன்னுடுவேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பு. ஜெயில்ல கீறவன் ஊட்டுக்குப் போவட்டும்.”

இடது கையால் அனுப்பினேன்.

மணிக்கட்டு இன்றும் வலிக்கிறது. அவரைத் திட்டத்தான் வாய் வரவில்லை.